மரை

புதுப்பேட்டையில் ஆட்டோ சைலன்சர்களுக்கு அடியில்
ஹேண்டில்பார் மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தது.
எடைக்குத்தான் போட்டார் கஃபூர்:
பதினோரு கிலோ, கிலோ நாற்பத்திரண்டு.
"பிரெஞ்சு வண்டி சார். நம்ம நட்டு எதுவும் சேராது.
கிரில் கேட்டுக்கு வேணா வெட்டிக்கலாம்."

கழுத்தில் ஒரு பித்தளைச் சேவல்.
அதன் கீழே பெயர் இருந்த இடத்தை
யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள்.
தலையில் சாய்கோடு வைத்த ஓர் எழுத்து மட்டும் மிச்சம்.

நான் பல் செட் செய்கிறவன்.
அயனாவரத்தில் உட்கார்ந்து ஏழு டாக்டர்களுக்கு
மெழுகிலும் பிளாஸ்டரிலும் கோபால்ட் குரோமிலும்
முகம் தெரியாதவர்களின் வாய்களைச் செய்து அனுப்புகிறேன்.
அவர்கள் முறுக்குக் கடித்து நான் பார்த்ததில்லை.
அதனால் இருக்கலாம்,
சங்கிலிச் சக்கரத்தின் நாற்பத்தாறு பற்களில்
வளைந்துபோன மூன்றை
இரவு பதினொன்றுக்கு விளக்கடியில் நிமிர்த்தியது.

கியர் மாற்றும் கை பிளாஸ்டிக்.
தொட்டதும் பிஸ்கட் மாதிரி உடைந்தது.
துண்டுகளைச் சேர்த்து மெழுகில் அச்செடுத்து
ஒரு கடைவாய்ப் பல்லோடு சேர்த்து உலையில் வைத்தேன்.
வேப்பேரி டாக்டருக்குப் போன பில்லில் அது இல்லை.

பெடல் அச்சின் வலது கப்பு மட்டும் அசையவில்லை.
மண்ணெண்ணெய், கொதிநீர்,
இரண்டடிக் குழாய் செருகிய ஸ்பானர்,
நாலாம் நாள் அதன்மேல் சகாயமேரியும் ஏறி நின்றாள்.
மாடி வீட்டுக்காரர் என்னை
மரை கழண்ட கேஸ் என்றாராம்.
கழலவில்லையே, அதுதானே பிரச்சினை.

நம் ஊர் வண்டிக்கு வலப்பக்கம் லெஃப்ட் மரை.
கைக்குப் பழகியது அதுதான்.
ஸ்பானர் நழுவி முட்டி பெயர்ந்த கோபத்தில்
எதிர்ப்பக்கம் ஒரு தட்டு தட்டினேன்.
இதற்குத்தான் காத்திருந்தேன் என்பதுபோல
கப்பு சுழன்றது.

நாலு நாளும்
கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"உங்க தம்பிகிட்டயும் இப்படித்தான்" என்றாள் சகாயமேரி,
டெட்டால் பஞ்சை முட்டியில் அழுத்தியபடி.
நான் குண்டுகளை எண்ணினேன்.
இருபத்திரண்டு.
மறுபடி எண்ணினேன்.

பிறகு அலங்காரம்.
ஓட்டேரிப் பாத்திரப் பட்டறையில்
இட்லிக் குண்டான் தகட்டிலேயே அடித்து வாங்கிய மட்கார்டு,
உடம்பெல்லாம் சுத்தியல் தழும்போடு.
யாரும் செய்யாத அளவு என்று பயமுறுத்தப்பட்ட டயர்
வேளச்சேரியில் மலைச் சைக்கிள் வாலிபர்களுக்காகத் தொங்கியது.
பொறுத்திருந்தால் அளவுகள் திரும்பி வருகின்றன.
சக்கரத்தில் உரசி எரியும் டைனமோ விளக்கு,
நின்றால் அதுவும் அணைந்துவிடும், நாணயமானது.
ரத்தன் பஜாரில் நாலு கடை ஒலித்துப் பார்த்து
முந்நூற்று இருபதுக்கு ஒரு பித்தளை மணி.
முன்னால் சின்ன கேரியர்,
அதில் வாரில் கட்டிய எவர்சில்வர் டப்பா.

திங்கட்கிழமை ஆறரை.
டவுட்டன் சிக்னலில் பிரேக் பிடித்தேன்.
கோழி அறுப்பதுபோல் ஓர் அலறல்.
மாநகரப் பேருந்து ஓட்டுநர் தலை நீட்டிப் பார்த்தார்.
மூன்று நாய்கள் எழுந்து இடம் மாற்றிக்கொண்டன.
மணிக்குக் கொடுத்த காசு வீண்.
ரப்பர் கட்டையைக் கொஞ்சம் கோணலாக வைத்தால்
சத்தம் போய்விடும், தெரியும்.
வைக்கப்போவதில்லை.

"என்ன கம்பெனி தலைவா?"
பக்கத்து ஆட்டோ.
"சேவல்."
"கேள்விப்பட்டதே இல்லயே."
"நானும்தான்."

வேப்பேரியில் கொடுத்துவிட்டு
சேத்துப்பட்டு சுற்றித் திரும்பினால் என்ன என்று தோன்றியது.
அந்தப் பக்கம்தான் ஃபெலிக்ஸ் இருக்கிறான்.
எட்டு வருஷம்.
காலை டீ இந்நேரம் குடிப்பான்.

சிக்னல் விழுந்தது.
டப்பாவுக்குள் பஞ்சுப் பொதியில்
யாருடைய மேல்வரிசையோ
பள்ளத்துக்குப் பள்ளம்
லேசாகக் கடித்துக்கொண்டு வந்தது.